ஒரே உடல், இரண்டு முகம்: கண்டிக்கு எந்தக் கேசிங்?

2020ஆம் ஆண்டு செப்டெம்பரில் கோர்செயர் நிறுவனம் இரண்டு மிட்-டவர் கணினிக் கேசிங்குகளைச் சேர்த்தே வெளியிட்டது. ஒன்று 4000டி, மற்றது 4000டி எயார்ஃப்ளோ. இரண்டுக்கும் உடல் ஒன்றுதான்: 453 மில்லிமீற்றர் நீளம், 230 அகலம், 466 உயரம். ஒரு பக்கம் முழுதும் கண்ணாடி. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக 120 மில்லிமீற்றர் விசிறிகள் இரண்டு பூட்டியே வரும். மாறுவது முகம் மட்டும். 4000டியின் முன்தகடு மூடிய எஃகு. காற்று ஓரத்து இடுக்குகளால் வளைந்து நுழையவேண்டும். எயார்ஃப்ளோவின் முன்தகடெங்கும் சிறு முக்கோணத் துளைகள்.

ஒப்பிட்டுப் பார்க்க இப்படியொரு சோடி கிடைப்பது அரிது. வழமையாக இரண்டு கேசிங்குகளை எடுத்தால் அளவு, விசிறி, தகட்டின் தடிப்பு எல்லாமே வேறுபடும்; சூடு எதனால் கூடியது என்று பிரித்தறிய முடியாது. இங்கே வேறுபாடு ஒன்றே. ஆகவே வேறு பெயர் பொறித்த பெட்டியை வாங்குபவருக்கும் இந்த ஒப்பீடு உதவும்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். கிராபிக்ஸ் காட் பூட்டுகிற கண்டிக்காரர் துளையிட்ட முகத்தையே எடுக்கவேண்டும். "எங்கட ஊரில தூசும் ஈரமும் கூட, மூடின கேசிங்தான் நல்லது" என்று கடையிலும் வீட்டிலும் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானது. கண்டி மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கும் நகரம்; பேராதனை வீதியிலும் கட்டுகஸ்தோட்டைப் பக்கமும் ஊரும் வாகனங்களின் புகை எளிதில் வெளியேறுவதில்லை. ஏசி இல்லாத வீடுகளில் யன்னல் திறந்தே இருக்கும். பயம் சரி, அதற்குச் சொல்லும் பரிகாரம்தான் பிழை.

தூசை எடுத்துக்கொள்வோம். மூடிய முகத்தில் முன்விசிறி இடுக்கு வழியாகத்தான் மூச்சு வாங்கவேண்டும். பின்விசிறிக்கு அந்தத் தடை இல்லை. அது வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. உள்ளே வருவது குறைந்து வெளியே போவது கூடினால் பெட்டிக்குள் அழுத்தம் தாழும். அந்தக் குறையை நிரப்ப, பின்புறத்துக் காட் இடைவெளிகள், தகடுகள் பொருந்தும் விளிம்புகள் எனக் கிடைத்த ஓட்டையாலெல்லாம் காற்று நுழையும். அங்கே எங்கும் வடிகட்டி வலை கிடையாது. முன்தகட்டுக்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய வலை இருந்தும், காற்றில் ஒரு பங்கு அதைத் தொடாமலே உள்ளே போகிறது. துளையிட்ட முகத்திலோ முன்விசிறிக்குத் தாராளமாகக் காற்று கிடைக்கும். இன்னொரு விசிறியையும் முன்னால் பூட்டிவிட்டால் உள்ளழுத்தம் சற்று உயர்ந்து, இடுக்குகளால் காற்று வெளியேதான் கசியும். தூசு வலையில் தங்கும். வாகனப் புகையின் நுண்துகளை எந்த வலையும் பிடிக்காது என்பதையும் சொல்லவேண்டும். அதில் இரண்டும் சமம்.

ஈரத்தின் கணக்கும் சுவையானது. மழைநாளில் வெளிக்காற்று 24 பாகை, ஈரப்பதன் 85 சதவீதம் என்று வைப்போம். அதே காற்று பெட்டிக்குள் 34 பாகைக்குச் சூடானால் ஈரப்பதன் ஏறத்தாழ 48 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஓடுகிற கணினி தன்னைத்தானே உலர்த்திக்கொள்கிறது. ஆபத்து, அணைத்துவைத்த கணினிக்குத்தான். அப்போது ஈரம் நுழைய ஓரத்து இடுக்கே போதும். மூடிய பெட்டிக்குள்ளும் ஈரம் அதே அளவுக்கு ஏறும். மதர்போட்டில் படிந்த தூசு அந்த ஈரத்தை உறிஞ்சி, மின்சாரம் கசியும் மென்படலமாக மாறலாம். ஆகவே மழை மாதங்களில் கணினியைத் தினமும் சிறிது நேரமாவது ஓடவிடுவது நல்லது. இடி மின்னல் நேரத்தில் மட்டும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது சூடு. இன்டெல் ஐ5-12400 உச்சத்தில் 117 வொட் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 காட் 115 வொட். இரண்டும் சேர்ந்து 232 வொட், அத்தனையும் வெப்பமாகவே முடியும். உள்ளே காற்று வெளிக்காற்றைவிட 10 பாகைக்கு மேல் சூடாகாமலிருக்க, செக்கனுக்கு ஏறத்தாழ 20 லீற்றர் காற்று ஓடவேண்டும். ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் கண்டியில் காற்று கடல்மட்டத்தைவிட 5 சதவீதமளவு மெலிது. அதையும் சேர்த்த கணக்கு இது. கொழும்பைவிடக் கண்டி சராசரியாகச் சுமார் 3 பாகை குளிர்ச்சி. மூடிய முகம் காற்றோட்டத்தைக் கால்பங்கு குறைத்தால் அந்த 10 பாகை 13 ஆகிவிடும். மலைநாடு தந்த குளிர்ச்சியை ஒரு தகடு தின்றுவிடுகிறது.

சத்தத்தில் மூடிய முகத்துக்கு ஒரு பெருமை உண்டு, அது வேலை இலேசாக இருக்கும்வரைதான். சுமை ஏறியதும் விசிறிகள் வேகமெடுக்கும், தகடு அடக்கிய ஒலி வேறு வழியால் வெளியே வரும். கிராபிக்ஸ் காட் இல்லாத அலுவலகக் கணினிக்கோ, பாடக் குறிப்பும் இணைய வகுப்புமாக இருக்கும் மாணவருக்கோ 4000டி தாராளமாகப் போதும். அழகுக்காக அதை எடுப்பதில் தவறில்லை.

எர்த் எனும் நில இணைப்பு விடயத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. எஃகுப் பெட்டியைத் தொட்டதும் விரலில் கூச்சம் தெரிந்தால் அநேகமாகச் சுவர் பிளக்கில் எர்த் இல்லை. கேசிங்கை மாற்றிப் பயனில்லை, மின்வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள்.

கேசிங்குக்கு இவ்வளவு யோசிக்கவேண்டுமா என்றால், வேண்டும். மதர்போட்டுக்கும் பெட்டிக்கும் 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவு இன்றும் நிற்கிறது. 2022இல் ரூபா சரிந்து டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிய பிறகு, புதிய பாகம் வாங்குவது எங்களுக்குப் பெரிய காரியம். மதர்போட், புரொசஸர், காட் எல்லாம் ஒவ்வொன்றாக மாறினாலும் பெட்டி நிற்கும். 2025இல் வந்த கோர்செயரின் ஃபிரேம் 4000டி இந்த வழியில்தான் போகிறது: முகம் துளையிட்டது, தகடுகளைக் கழற்றி மாற்றலாம், இணைப்பிகள் பின்பக்கம் வரும் புதுவகை மதர்போட்டுகளுக்கும் இடம் இருக்கிறது.

எதை வாங்கினாலும் சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள். பவர் சப்ளை அடியிலிருந்து காற்றை இழுக்கிறது. கூட்டும்போது எழும் தூசும் எறும்பும் அந்த வழிக்குத்தான் முதலில் வரும். ஒரு சிறு மேசை போதும். முன்வலையைக் கழுவுபவர்கள் அடிவலையை மறந்துவிடுகிறார்கள். அதையும் இழுத்தெடுத்துக் கழுவி, முற்றாக உலர்ந்த பிறகே திரும்பச் செருகுங்கள். ஐப்பசி மழையில் அதற்கு ஒரு முழு நாள்கூடப் பிடிக்கும்.