ராஹி மாசூம் ரஸா: ஜமீன்தாரின் திண்ணையை உள்ளிருந்து எழுதியவர்

1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ‘மகாபாரத்’ தொடர் 94 பகுதிகளைக் கொண்டது. தயாரித்தவர் பி.ஆர். சோப்ரா என்பதும், ‘நானே காலம்’ என்று தொடங்கும் குரலும் பலருக்கு நினைவில் உண்டு. திரைக்கதையையும் உரையாடலையும் எழுதியவர் ராஹி மாசூம் ரஸா என்னும் நாவலாசிரியர் என்பதை அறிந்தோர் தமிழ்நாட்டில் மிகச் சிலரே. அறிந்தவர்களும் ‘ஓர் இஸ்லாமியர் மகாபாரதம் எழுதினார்’ என்ற ஒற்றைச் செய்தியோடு நின்றுவிடுகின்றனர். மதநல்லிணக்க மேடைகளுக்கு அச்செய்தி போதும். சாதியை முன்வைத்து வாசிக்க முற்படும் நமக்கு அது போதாது. ராஹியின் எழுத்து, இஸ்லாமியச் சமூகத்திற்குள் இயங்கும் சாதியையும், நிலவுடைமை சரிந்தபோது கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் நிகழ்ந்த அதிகார மாற்றத்தையும், அதில் தலித்துகள் எவ்வாறு பார்க்கப்பட்டனர் என்பதையும் ஒருங்கே காட்டும் அரிய ஆவணமாகும். அதன் எல்லைகளும் அதற்குள்ளேயே தெரிகின்றன.

1927ஆம் ஆண்டு, காஜிபூர் மாவட்டத்தைச் சேர்ந்த கங்கௌலி கிராமத்து ஷியா சய்யித் குடும்பத்தில் அவர் பிறந்தார். சய்யித் என்பது நபிகளின் வழித்தோன்றல் என்று உரிமை கோரும் மரபு. வட இந்திய இஸ்லாமியச் சமூகப் படிநிலையின் உச்சியில் அம்மரபே அமர்ந்திருந்தது. தந்தை பஷீர் ஹசன் ஆபிதி வழக்கறிஞர், காங்கிரஸ்காரர். அண்ணன் மூனிஸ் ரஸா பின்னாளில் புகழ்பெற்ற புவியியல் அறிஞராகவும் தில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார். நிலமும் கல்வியும் ஒருசேர வாய்த்த குடும்பம் அது.

அக்குடும்பத்தின் பிள்ளைகள் இருவரும் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தனர். ராஹியின் நண்பர்கள் பதிவு செய்துள்ள ஒரு நிகழ்வு இங்கு முக்கியமானது. காஜிபூர் நகராட்சித் தலைவர் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி நிலமற்ற கூலித் தொழிலாளியான பப்பர் ராம் என்பவரை நிறுத்தியது. காங்கிரஸ் நிறுத்தியதோ பஷீர் ஹசன் ஆபிதியை. மூனிஸும் ராஹியும் தந்தையை எதிர்த்து, பப்பர் ராமுக்காகத் தெருத்தெருவாக வாக்குக் கேட்டனர். பப்பர் ராம் வென்றார். இதைச் சகோதரர்களின் தியாகக் கதையாகச் சொல்வதே வழக்கம். ஒரு கூலித் தொழிலாளி வழக்கறிஞரான நிலவுடைமையாளரை வாக்குப் பெட்டியில் வென்றார் என்பதுதான் அதன் மையம் என்போம் நாம். வென்றவரின் வாழ்க்கை வரலாறு எழுதப்படாமல், பிரச்சாரம் செய்தவரின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு பத்தியாக மட்டுமே எஞ்சியிருப்பதும் நம் கவனத்திற்குரியது.

அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்ற ராஹி, ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’ என்னும் உருது மாயக்கதைப் பெருந்தொகுதியை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அங்கேயே உருது கற்பித்தார். 1857 எழுச்சி குறித்து நெடுங்கவிதை எழுதினார். 1965 போரில் உயிர் நீத்துப் பரம்வீர் சக்கரம் பெற்ற, தம் மாவட்டத்துக்காரரான அப்துல் ஹமீதின் வாழ்க்கையை ‘சிறிய மனிதரின் பெரிய கதை’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார். உருதுவைத் தேவநாகரியிலும் எழுதலாம் என்று வாதிட்டு, இரு மொழித் தூய்மையாளர்களின் பகையையும் ஒருசேர ஈட்டிக்கொண்டார்.

அவருடைய தலைசிறந்த படைப்பு 1966இல் வெளிவந்த ‘ஆதா காவ்’. பாதிக் கிராமம் என்பது பொருள். கங்கௌலியின் சய்யித் குடும்பங்கள் வடக்குப் பட்டி, தெற்குப் பட்டி என்று பிரிந்து கிடக்கின்றன. முஹர்ரம் ஊர்வலத்திலும் ஒப்பாரிப் பாடலிலும் அவர்களுக்குள் போட்டி நடக்கிறது. பாகிஸ்தான் கோரிக்கை அலிகர் மாணவர்கள் வழியாக அக்கிராமத்தை எட்டுகிறது. பிரிவினையும் ஜமீன்தாரி ஒழிப்பும் அடுத்தடுத்து வந்து அவ்வாழ்க்கையைச் சிதைக்கின்றன. முன்னுரையை நூலின் நடுவே வைத்து, தாம் கங்கௌலிக்கு உரியவர் என்பதை எவரும் மறுக்க முடியாது என்று அங்கே நின்று வாதாடுகிறார் ஆசிரியர். ஃபுன்னன் மியான் என்னும் பாத்திரத்தின் மகன் 1942 போராட்டத்தில் காவல் நிலையத் தாக்குதலின்போது கொல்லப்படுகிறான். சுதந்திரத்திற்குப்பின் நடக்கும் தியாகிகள் நினைவேந்தலில் அவன் பெயர் மட்டும் உச்சரிக்கப்படுவதில்லை. பிரிவினை இலக்கியம் பற்றிப் பேசுவோர் இக்காட்சியைத் தவறாமல் சுட்டுவர்.

அவர்கள் சுட்டாமல் கடந்துசெல்வது ஒன்றுண்டு. இந்நாவலின் சய்யிதுகளுக்கு ‘எலும்பின் தூய்மை’ ஓயாத கவலை. எவர் உண்மையான சய்யித், எவர் தாய்வழியில் கலப்புற்றவர் என்ற கணக்கு திருமணப் பேச்சு எழும்போதெல்லாம் எடுக்கப்படுகிறது. தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்களை வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆண்களுக்கு அதில் கூச்சமில்லை. அப்பெண்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் மட்டும் கணக்கில் குறைந்தவர்கள் ஆகிவிடுகின்றனர். ஜுலாகா எனப்படும் நெசவாளர்கள் அதே மதத்தினர். ஆயினும் சய்யித் திண்ணையில் அவர்களுக்குச் சமமான இடமில்லை. அகமணமுறையே சாதியின் உயிர்நாடி என்று அண்ணல் அம்பேத்கர் 1916லேயே நிறுவினார். ‘பாகிஸ்தான் அல்லது இந்தியப் பிரிவினை’ நூலில், 1901ஆம் ஆண்டு வங்காள மக்கள்தொகைக் கணக்கெடுப்பை மேற்கோள் காட்டி, அஷ்ராஃப், அஜ்லாஃப், அர்ஸால் என்ற பிரிவுகளையும் எடுத்துரைத்தார். அப்பகுதியைப் படித்த மாணவர்கள் ‘ஆதா காவ்’ நாவலை அடுத்ததாக எடுத்து வாசிக்கலாம். அங்கே அட்டவணையாக இருப்பது இங்கே வீட்டுக்குள் நடமாடுகிறது. ‘இஸ்லாத்தில் சாதி இல்லை’ என்ற கோட்பாட்டு வாசகத்தை எதிர்த்து ராஹி கட்டுரை எழுதவில்லை. ஒரு சய்யித் மகன் தன் உறவினர்களின் பேச்சை அப்படியே எழுதினார். வாக்குமூலம் என்ற அளவில் அதற்கு நிகரான வலு வேறெதற்கும் இல்லை. பிற்காலத்தில் பஸ்மாந்தா இயக்கம் எழுப்பிய கேள்விகளுக்கும், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் சாதி உரிமை மறுக்கப்பட்ட தலித் இஸ்லாமியரின் வழக்குகளுக்கும் இந்நாவல் பயன்படும் சான்று.

நூலை எதிர்த்தோர் சாதியைப் பற்றிப் பேசவில்லை, வசைச்சொற்களைப் பற்றிப் பேசினர். ஜோத்பூர் பல்கலைக்கழகத்தின் இந்தித் துறைத் தலைவராக இருந்த விமர்சகர் நாம்வர் சிங் இதனைப் பாடமாக வைத்தபோது, ஆபாசம் என்ற கூச்சல் எழுந்து நூல் நீக்கப்பட்டது. பாத்திரங்கள் கெட்ட வார்த்தை பேசினால் அவ்வாறே எழுதுவேன் என்பதே ராஹியின் நிலைப்பாடு. கிராமத்து வசவுகளில் பாதி சாதியைச் சொல்லித் திட்டுபவை என்பது தமிழ் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. அவற்றை நீக்கிவிட்டால் கிராமம் பண்பட்டதாகத் தோன்றும், அவ்வளவுதான்.

இந்நாவலில் பருஸ்ராம் என்னும் தலித் பாத்திரம் வருகிறார். சுதந்திரத்திற்குப்பின் அவர் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர் ஆகிறார். போஜ்புரியில் ஒருவரின் பெயரோடு ‘வா’ விகுதி சேர்த்து விளிப்பது உரிமையாகவும் இருக்கலாம், இழிவாகவும் இருக்கலாம். எது எது என்பதை விளிப்பவரின் சாதியே தீர்மானிக்கும். நேற்றுவரை அவ்வாறு விளிக்கப்பட்டவரிடம் இன்று ஜமீன்தார்கள் பணிந்து பேச வேண்டியிருக்கிறது. இத்தலைகீழ் மாற்றத்தை ராஹி நையாண்டியோடும் நேர்மையோடும் எழுதுகிறார். ஆனால் பருஸ்ராமை நாம் பார்ப்பது எப்போதும் சய்யிதுகளின் திண்ணையிலிருந்துதான். அவர் வீட்டுக்குள் நாவல் தங்குவதில்லை. வெற்றி பெற்ற இரவில் அவர் குடும்பம் என்ன பேசிற்று என்பதை அறிய வழியில்லை.

1960களின் இறுதியில் ராஹி பம்பாய்க்குச் சென்றார். ‘மிலி’, ‘கோல்மால்’, ‘கர்ஸ்’ முதலிய படங்களுக்கு உரையாடல் எழுதினார். ‘மைன் துளசி தேரே ஆங்கன் கீ’, ‘லம்ஹே’ ஆகிய படங்களின் உரையாடலுக்காக ஃபிலிம்ஃபேர் விருதுகளும் கிடைத்தன. இப்படங்களைப் பற்றி நாம் சொல்வதற்கு அதிகமில்லை, அவை பிழைப்புக்கான எழுத்து. அதே ஆண்டுகளில் அவர் நாவல்களையும் விடவில்லை. அலிகரைக் களமாகக் கொண்டு இந்து முஸ்லிம் நண்பர் இருவரின் கதையைச் சொல்லும் ‘டோபி சுக்லா’, திரையுலகின் போலித்தனத்தைக் கிழிக்கும் ‘சீன் 75’, நெருக்கடி நிலையை எதிர்கொண்ட ‘கட்ரா பீ ஆர்ஸூ’ ஆகியவை 1969க்கும் 1978க்கும் இடையில் வெளிவந்தன.

பின்னர் வந்ததே ‘மகாபாரத்’. முதலில் அவர் நேரமில்லை என்று மறுத்தார் என்றும், இஸ்லாமியர் ஒருவர் இதை எழுதுவதா என்று சோப்ராவுக்கு வந்த எதிர்ப்புக் கடிதங்களைக் கண்டபின், தாம் கங்கையின் மைந்தன் என்று கூறி ஏற்றுக்கொண்டார் என்றும் சொல்லப்படுகிறது. ‘பிதாஸ்ரீ’, ‘மாதாஸ்ரீ’ போன்ற விளிகள் உருதுவின் ‘அப்பாஜான்’, ‘அம்மிஜான்’ ஆகியவற்றின் சாயலில் அவர் உருவாக்கியவை என்பர். அத்தொடர் வழியாகப் பரவிய ‘தூய’ இந்தியின் சில சொற்கள் இவ்வாறு உருது அச்சில் வார்க்கப்பட்டவை என்பது சுவையான முரண்.

ஆயினும் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கங்கௌலியின் எலும்புக் கணக்கை அம்பலப்படுத்திய அதே பேனா, அஸ்தினாபுரத்தின் எலும்புக் கணக்கை என்ன செய்தது? கர்ணன் அரங்கில் நுழைகிறான். குலம் என்ன என்று கேட்கப்படுகிறது. அவன் தலை கவிழ்கிறான். நாடு முழுவதும் அதைக் கண்டு கலங்கியது. தேரோட்டி மகன் என்ற இழிசொல் அவனைப் போர்க்களம் வரை துரத்துவதைத் தொடர் ஒளிக்கவில்லை. ஆனால் பார்வையாளருக்கு ஒரு இரகசியம் முன்கூட்டியே தெரியும். அவன் குந்தியின் மகன், பிறப்பால் சத்திரியன். ஆகவே அக்கண்ணீர் சாதிமுறையின் அநீதிக்காகச் சிந்தப்பட்டதன்று, முகவரி மாறிப்போன ஒரு சத்திரியனுக்காகச் சிந்தப்பட்டது என்று வாதிட இடமிருக்கிறது. ஏகலைவனுக்கு அத்தகைய இரகசியம் எதுவுமில்லை. அவன் நிஷாதன், நிஷாதனாகவே இருப்பவன். அவன் கட்டைவிரல் குருபக்தியின் பெயரால் வாங்கப்படுகிறது. 94 பகுதிகள் கொண்ட தொடரில் அவனுக்குக் கிடைத்தது சிறிது நேரமே. அறிவில் சிறந்த விதுரனும் பணிப்பெண்ணின் மகன் என்பதால் அரசுரிமைக்கு அப்பால் நிறுத்தப்படுகிறான்.

இவை மூலக்கதையின் குறைகள், திரைக்கதையாளர் என்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமே. ஆனால் காலத்தைக் கதைசொல்லியாக்கியது ராஹியின் தேர்வு என்றே கூறப்படுகிறது. காலத்திற்குச் சாதியில்லை, சார்பில்லை. அதன் குரலில் கேட்கும்போது, மனிதர் மனிதருக்குச் செய்த கொடுமை ஊழாகத் தோன்றிவிடுகிறது. ‘ஆதா காவ்’ நாவலில் கதைசொல்லி தம் பெயரோடும் குடும்பத்தோடும் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றார். அரசுத் தொலைக்காட்சியில் அக்கூண்டு காலியாக இருந்தது. தொடர் முடிந்து ஏழு வாரங்கள் ஆவதற்குள், 1990 ஆகஸ்ட் 7 அன்று, மண்டல் குழுப் பரிந்துரை நடைமுறைப்படுத்தப்படும் என்று வி.பி. சிங் அறிவித்தார். செப்டம்பர் 25 அன்று சோமநாதபுரத்திலிருந்து அத்வானியின் ரதம் புறப்பட்டது. ராஹி மதவாதத்தின் எதிரி, அதில் ஐயமில்லை. அவர் சொற்கள் ஒலித்த அதே ஞாயிறுகளில் வேறொருவர் அறுவடைக்கு ஆயத்தமானார் என்பதும் வரலாறு.

அடுத்து அவர் எழுதிய ‘நீம் கா பேட்’ தொடருக்கு வருவோம். வேப்ப மரம் என்பது பொருள். 1991இல் தூர்தர்ஷனில் வந்த இத்தொடரில் பங்கஜ் கபூர் புதாய் ராம் என்னும் கொத்தடிமையாக நடித்தார். கதை சுதந்திரத்திற்குச் சற்றுமுன் தொடங்குகிறது. கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் அப்பெயரையும் அத்தொழிலையும் சேர்த்துச் சொன்னால் எச்சாதி என்று எவரும் கேட்பதில்லை. புதாயின் ஆசை ஒன்றே. தன் மகன் சுகீராம் ஜமீன்தாரிடம் அடிமையாக வளரக்கூடாது. மகன் படிக்கிறான், அரசியலில் உயர்கிறான், அதிகாரம் கைக்கு வந்தபின் பழைய எசமானர்களைப் போலவே ஆகிறான். புதாயைப் போன்றோர் மையப் பாத்திரமாக வீட்டுத் திரைகளில் தோன்றியது அரிதினும் அரிது. சத்யஜித் ராயின் ‘சத்கதி’யும், 1988இல் வந்த ‘தமஸ்’ தொடரின் தோல் பதனிடும் நத்துவும் உடனே நினைவுக்கு வருவன. அவ்விரு பாத்திரங்களும் பலியாவோர். புதாயோ திட்டமிடுகிறார், காத்திருக்கிறார், தன் மண்ணில் தன் மரம் நிற்பதைக் காண விரும்புகிறார். பங்கஜ் கபூரின் நடிப்பைச் சிறிது நேரமேனும் பார்க்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

சுகீராமைப் பற்றி நமக்கு மனத்தாங்கல் உண்டு. அதிகாரம் பெற்ற தலித் கறைபடுகிறார் என்னும் கதை, 1991இல் உத்தரப் பிரதேசத்தில் யாருடைய காதுக்கு இனித்திருக்கும்? பகுஜன் சமாஜ் கட்சி அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. கறைபட்ட சய்யித், கறைபட்ட தாக்கூர் ஆகியோரையும் ராஹி இரக்கமின்றி எழுதியவர்தான். ஆயினும் அவர்களுக்கு அவர் நாவல்களில் இருபது முப்பது முகங்கள் உண்டு. அரசியலில் ஏறிய தலித்துக்குப் பருஸ்ராம், சுகீராம் என்று எண்ணிச் சொல்லத்தக்க முகங்களே கிடைத்தன. தேர்தலில் தன் தந்தையை வென்ற பப்பர் ராமை நேரில் அறிந்த ஒருவர், அந்த முகத்தை ஏன் புனைவுக்குள் கொண்டுவரவில்லை என்ற கேள்வி எழுகிறது.

1992 மார்ச் 15 அன்று மும்பையில் ராஹி மறைந்தார். பாபர் மசூதி இடிப்பைக் காண அவர் இல்லை. 2020 ஊரடங்கின்போது ‘மகாபாரத்’ மீண்டும் ஒளிபரப்பாகிப் புதிய தலைமுறையை அடைந்தது.

காஜிபூருக்கு அண்டை மாவட்டம் ஆசம்கர். அங்கு தலித் குடியிருப்பில் பிறந்து, இடதுசாரி இயக்கத்தில் வளர்ந்து, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பேராசிரியரான துளசிராமின் தன்வரலாறு ‘முர்தஹியா’ 2010இல் வெளிவந்தது. அதே போஜ்புரி, அதே வறட்சி, அதே ஜமீன். திண்ணையின் எதிர்ப்புறத்திலிருந்து எழுதப்பட்ட அந்நூலையும் ‘ஆதா காவ்’ நாவலையும் ஒரே வாசிப்பு வட்டத்தில் அடுத்தடுத்த வாரங்களில் எடுத்துக்கொள்ளும்படி கல்லூரி நண்பர்களுக்குப் பரிந்துரைக்கிறோம். எதை முதலில் படிப்பது என்று கேட்டால், ‘முர்தஹியா’வை என்போம்.