போட்டோவைச் சுருக்கிய பெங்களூர்க்காரர்

போன மாசம் என் பொண்ணு ஒரு இணையப் போட்டிக்குக் கோலப் படம் அனுப்பக் கிளம்பினாள். அகலம் 1024 பிக்சலுக்கு மேல் போகக்கூடாதுன்னு விதி. சுருக்கி, சேவ் பண்ணி, ஓரம் வெட்டி, மறுபடி சேவ் பண்ணி... கடைசியில் கோலக் கோடெல்லாம் கட்டம் கட்டமாய் உடைந்து நின்றது.

ஏன் கட்டம்னு தேடினால், கதை நான் பிழைக்க வந்த பெங்களூருக்கே வந்து நிற்கிறது.

நசீர் அகமது 1940-ல் இங்கே பிறந்தவர். கே.ஆர். சர்க்கிள் பொறியியல் கல்லூரியில் படித்து அமெரிக்கா போனார். 1972-ல், படத்தைக் கொசைன் அலைகளாக மாற்றிச் சுருக்கலாம்னு ஆராய்ச்சிக்கு நிதி கேட்டார். கிடைக்கவில்லை. ரொம்ப எளிமையா இருக்கேன்னு ஒரு பரிசீலகர் எழுதினாராம்! (லோன் விண்ணப்பம் பார்க்கிற எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.) நிதி இல்லாமலே மாணவர் நடராஜன், நண்பர் கே.ஆர். ராவ் இருவரோடும் முடித்து, 1974 ஜனவரியில் கட்டுரை வெளியிட்டார். 1992-ல் வந்த ஜேபெக் அதன்மேல் கட்டியதுதான்.

ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கும். ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு அவ்வளவாய்த் தெரியாத நுணுக்கத்தை ரவுண்ட் ஆஃப் பண்ணும். வட்டியில் பைசாவை விடுகிற மாதிரி. ஒரு தடவைன்னா யாருக்கும் தெரியாது. சேவ் பண்ணுகிற ஒவ்வொரு தடவையும், நடுவில் வெட்டிச் சுருக்கியும் விட்டால், கணக்கு உதைக்கத்தானே செய்யும்?

நல்லவேளை, கேமராவில் மூலப் படம் அழியாமல் இருந்தது. அதையே வெட்டி, 1024-க்கு ஒரே தடவை சுருக்கி, ஒரே தடவை சேவ் பண்ணினோம். கடைசித் தேதிக்கு முந்தின ராத்திரி அனுப்பியாச்சு.