சிறு மோட்டார் படகுகளில் லைஃப் ஜாக்கெட்டும் நிறுத்து கயிறும்

சிறு மோட்டார் படகுகளில் உயிர் காக்கும் எளிய கருவிகள் இரண்டு. லைஃப் ஜாக்கெட் நீரில் விழுந்தவரை மிதக்கவைக்கும். நிறுத்து கயிறு, ஓட்டுபவர் படகிலிருந்து தூக்கியெறியப்பட்ட உடனே எஞ்சினை அணைக்கும். தமிழகத்துக்கு எஞ்சின் வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே லைஃப் ஜாக்கெட் பரவலானது. கயிறு இன்னும் முழுதாக வந்துசேரவில்லை. ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல் மட்டுமே தெரியும் வேலூர், ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்துக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அங்கு படகு வெள்ளத்தோடு மட்டுமே வருகிறது.

பாலாறும் படகும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய தோல் பதனிடும் ஊர்கள் பாலாற்றையும் அதன் நிலத்தடி நீரையும் நம்பி வளர்ந்தவை. ஆயினும் இவ்வூர்களில் படகுத் தொழில் இல்லை. ஏலகிரி மலையின் புங்கனூர் ஏரிப் படகு இல்லம்தான் பலரும் படகில் ஏறும் ஒரே இடம். சற்றுத் தெற்கே ஒகேனக்கலில் காவிரியில் ஓடும் பரிசல்கள் முற்காலத்தில் மூங்கில் கூடையின் மேல் மாட்டுத்தோல் போர்த்திச் செய்யப்பட்டன. தோலின் இடத்தைப் பின்னர் பிளாஸ்டிக் தாளும் தாரும் பிடித்துக்கொண்டன. இன்று அங்கு பயணிகள் லைஃப் ஜாக்கெட் அணிந்தே ஏறவேண்டும்.

1903 நவம்பரில் மேல்பகுதியில், மைசூர் சமஸ்தானத்தில் ஏரிகள் உடைந்ததால் பாலாற்றில் பெருவெள்ளம் வந்து வாணியம்பாடியை அழித்தது. இறந்தவர்களுக்கான நினைவுத்தூண் அந்நகரில் உள்ளது. அன்று மீட்புக்கு அனுப்ப அங்கு மோட்டார் படகு இல்லை. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட், படகின் பின்புறத்தில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1909இல்.

2021 நவம்பரில் பாலாறு மீண்டும் கரைபுரண்டபோது நிலைமை வேறு. 2006இல் உருவான தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆம் பட்டாலியன் அரக்கோணத்தில் இயங்குகிறது. 2019 வரை வேலூர் மாவட்டத்திலும் அதன்பின் ராணிப்பேட்டை மாவட்டத்திலும் அடங்கும் ஊர் இது. 2015 சென்னை வெள்ளத்தில் தெருக்களில் ஓடிய, காற்றடைத்த ரப்பர் படகுகளும் அவுட்போர்டு மோட்டார்களுமே இப்படையின் முதன்மைக் கருவிகள். கடற்கரை மீனவருக்கு நீச்சல் தெரியும். தோல் தொழிற்சாலைத் தெருவில் முதன்முறையாகப் படகில் ஏறும் மூதாட்டிக்குத் தெரியாது. அவருக்கு லைஃப் ஜாக்கெட் படகோடுதான் வந்தாகவேண்டும்.

கயிறு வேலை செய்யும் விதம்

நிறுத்து கயிறு பெரும்பாலும் சிவப்பு நிறத்தில், பழைய தொலைபேசிக் கம்பிபோல் சுருண்டிருக்கும். ஒரு முனையில் உள்ள கிளிப் மோட்டாரின் சிவப்புப் பொத்தானுக்கு அடியில் செருகப்படும். மறுமுனை ஓட்டுபவரின் முழங்காலுக்கு மேலோ, மணிக்கட்டிலோ, லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டப்படும். அவர் விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொண்டு வரும், பெட்ரோல் எஞ்சினின் தீப்பொறி நின்றுவிடும்.

கயிறு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்று. ஓட்டுபவர் கைவிட்ட மோட்டார் அதே வேகத்தில் ஓடிக்கொண்டே ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். படகு நேரே போய் மறையாது. வட்டமடித்து, விழுந்தவர் மிதக்கும் இடத்துக்கே திரும்பி வரும். இந்நிலையில் லைஃப் ஜாக்கெட் மட்டும் போதாது, ஏனெனில் அதை அணிந்தவரால் நீருக்குள் மூழ்கிப் புரொப்பெல்லரிடமிருந்து தப்ப முடியாது. இரண்டும் சேர்ந்தே பயன்படவேண்டும் என்பதன் காரணம் இதுவே.

ரப்பர் படகில் இந்த ஆபத்து கூடுதல். ஓட்டுபவர் உருண்டையான காற்றுக்குழாயின் மேல் அமர்கிறார், முதுகுக்குப் பின்னால் தண்ணீர். வெள்ளம் சூழ்ந்த ஊரில் மதில்சுவரும் இரும்புக் கேட்டும் நீருக்கடியில் மறைந்திருக்கும். மோட்டார் ஒன்றில் மோதி நின்றால் அமர்ந்திருப்பவர் நிற்கமாட்டார்.

தக்கையிலிருந்து இலவம்பஞ்சுக்கு

இங்கிலாந்தின் உயிர்காப்புப் படகு நிறுவனத்தைச் சேர்ந்த கேப்டன் வார்ட் 1854இல் தக்கைத் துண்டுகளைக் கோத்த மேலங்கியை உருவாக்கினார். அது கனமானது, விறைப்பானது. 1904இல் அந்நிறுவனம் இலவம்பஞ்சுக்கு மாறியது. தேனி வட்டாரத்தில் மெத்தைக்கும் தலையணைக்கும் அடைக்கப்படும் அதே பஞ்சுதான். அதன் இழை உள்ளீடற்றது, மெழுகுத்தன்மை உடையது, எளிதில் நீரை உறிஞ்சாது. பிற்காலத்தில் பிளாஸ்டிக் நுரை அந்த இடத்தைப் பிடித்தது.

தமிழகக் கரையில் எஞ்சின்

1952இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகியவற்றிடையே ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்பிடிப் படகுகளை இயந்திரமயமாக்கும் திட்டம் தொடங்கியது. எவின்ரூட்டின் தாய்நாடே இங்கும் வந்து நின்றது தற்செயல்தான். 1979இல் சென்னையில் அலுவலகம் அமைத்த வங்காள விரிகுடாத் திட்டம், அலை மோதும் கரையிலேயே இறங்கக்கூடிய சிறு படகுகளை வடிவமைத்தது. 1980களில் கன்னியாகுமரி மாவட்டத்தின் முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டப்பட்டன, அவற்றில் அவுட்போர்டு மோட்டார்கள் ஏறின. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் கட்டுமரங்களின் இடத்தில் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் வந்தன.

இம்மாற்றத்தின் விளைவு முழுதாக எடைபோடப்படவில்லை என்றே சொல்லவேண்டும். கட்டுமரம் கவிழ்ந்தாலும் மிதக்கும், அது தானே ஒரு மிதவை. அதிலிருந்து விழுந்தவர் அதையே பிடித்துக்கொள்ளலாம். மோட்டார் படகோ விழுந்தவரை விட்டு நொடியில் விலகிவிடும். வேகத்தைக் கொடுத்த திட்டங்கள் அந்த இடைவெளியை நிரப்பும் பொருள்களை அதே அக்கறையுடன் கொடுக்கவில்லை.

கடலோரத்தில் பரவலாக உள்ள நீள்தண்டு எஞ்சின்களில் பல ஒற்றைச் சிலிண்டர் டீசல் வகை. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது, எரிபொருளைத் தடுத்தே நிறுத்தவேண்டும். அதனால் பெட்ரோல் மோட்டாரின் கயிற்றை அப்படியே இதில் மாட்ட முடியாது. கயிறு பரவாததற்கு மீனவரின் அலட்சியம் மட்டும் காரணமல்ல.

லைஃப் ஜாக்கெட்டை அணியத் தயங்குவதற்கும் காரணங்கள் உண்டு. வெயிலில் தடித்த நுரை உடலைப் புழுங்கவைக்கும். வலை இழுக்கும்போது கொக்கிகளும் வார்களும் கண்ணிகளில் மாட்டும். நீச்சல் தெரிந்தவருக்கு எதற்கு என்ற பேச்சும் இருந்தது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் அதற்குப் பதில் சொன்னது. கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் கவிழ்ந்த படகுகளைப் பற்றிக்கொண்டு நீண்ட நேரம் மிதந்தனர். நீந்தத் தெரிந்த பலர் கைசோர்ந்து மூழ்கினர்.

விபத்துகளும் விதிகளும்

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உலா சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்கள் அவர்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் மேலும் 22 பேர் இறந்தனர். லைஃப் ஜாக்கெட் பற்றிய கேள்வி ஒவ்வொரு முறையும் எழுந்தது. 1917ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 உயிர்காப்புக் கருவிகளைக் கட்டாயமாக்கியது. அது ஆறு, ஏரி, காயல் போன்ற உள்நாட்டு நீர்வழிகளுக்கானது.

கயிற்றைப் பற்றிய விதிகள் வெளிநாடுகளிலும் அண்மைக்காலத்தவை. 2013 மே 5 அன்று இங்கிலாந்தின் பேட்ஸ்டோவ் அருகே ஒரு குடும்பத்தின் ஆறு பேரும் வேகப்படகிலிருந்து எறியப்பட்டனர். ஆளில்லாப் படகு சுழன்று வந்து தாக்கியதில் தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தனர். படகில் நிறுத்து கயிறு இருந்தது, ஓட்டியவர் அதை மாட்டியிருக்கவில்லை என விசாரணை அறிக்கை கூறியது. அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த, 3 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள படகுகள் வேகமாகச் செல்லும்போது கயிற்றை மாட்டியிருக்கவேண்டும் என்ற விதி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

கயிற்றுக்கு ஒரு குறையும் உண்டு. அது ஓட்டுபவரோடு நீரில் போய்விட்டால், கிளிப் இல்லாமல் பல மோட்டார்கள் மீண்டும் கிளம்பா. படகில் எஞ்சியிருப்பவர்கள் விழுந்தவரை எடுக்கச் செல்ல முடியாமல் நீரோட்டத்தில் மிதந்துபோவர். ஆகவே இரண்டாவது கயிறு ஒன்று படகிலேயே, எல்லோருக்கும் தெரியும் இடத்தில் தொங்கவேண்டும்.