பிளக் பொருந்தினால் போதுமா?

1986ஆம் ஆண்டு. தென் லண்டனில் ஒரு திருத்தும் கடையின் பின்னறையில் சனிக்கிழமைகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியும் வீடியோ ரெக்கார்டரும் மட்டுமே வந்துகொண்டிருந்த கடைக்கு வீட்டுக் கணினிகளும் வரத் தொடங்கியிருந்த காலம். கடை பூட்டும் நேரத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்து ஐயா ஒருவர் பெரிய பையில் டிஸ்க் டிரைவ் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தார். மகனின் கொமடோர் 64க்கென்று வாங்கியது. கொமடோர் செய்ததல்ல, வேறொரு கம்பனியின் மலிவான டிரைவ்.

“தம்பி, பிளக் வடிவாப் பொருந்துது. லைட்டும் எரியுது. பெடியன்ரை கேம் மட்டும் ஓடுதில்லை. இதென்ன நியாயம்?”

அன்று நான் சொன்னது அரைகுறைப் பதில். பிளக்கைப் பார்த்து வாங்கியது அவர் பிழையல்ல. அந்தக் காலத்தில் பிளக்கை நம்புவதற்குக் காரணம் இருந்தது.

1976இல் அமெரிக்காவின் ஷுகார்ட் அசோசியேட்ஸ் கம்பனி எஸ்ஏ400 என்ற ஐந்தேகால் அங்குல டிரைவை வெளியிட்டது. அதன் பின்புறத்தில் 34 தொடுமுனைகள். எந்த முனை மோட்டாரைச் சுழற்றும், எது ஹெட்டை ஒரு தடம் நகர்த்தும், எது முதல் தடத்துக்கு வந்துவிட்டதென்று சொல்லும் என்ற அந்த ஒழுங்கையே மற்றவர்களும் பின்பற்றினார்கள். யாரும் சட்டம் போடவில்லை, வழக்கமே சட்டமாயிற்று.

இங்கிலாந்தில் அதன் பலனை நன்றாக அனுபவித்தவர்கள் பிபிசி மைக்ரோ வைத்திருந்தவர்கள். கேம்பிரிட்ஜின் ஏகார்ன் கம்பனி செய்த இந்தக் கணினி 1981 டிசம்பரில் வந்தது. அரசு மானியத்தோடு பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்தது. அடிப்பக்கத்தில் டிஸ்குக்கு ஒரு சொருகுவாய், பக்கத்திலேயே டிரைவுக்கு மின்சாரம் கொடுக்க இன்னொன்று. கியூமானா போன்றவர்கள் வேறு கம்பனிகளின் டிரைவ்களைத் தகரப் பெட்டியில் அடைத்து, இரண்டு கேபிளோடு விற்றார்கள். சொருகினால் ஓடியது.

ஓடியது என்பதற்குள்ளும் பொறிகள் இருந்தன. சில டிரைவ்கள் 40 தடம், சில 80. எண்பது தட டிரைவின் ஹெட் பாதி அகலம்தான். ஒரு தடத்துக்கு இரண்டு அடி வைத்து நகர்ந்தால் அது 40 தட டிஸ்கை வாசித்துவிடும். அதற்கென்றே முன்பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். வில்லங்கம் எழுதும்போதுதான். அகலத் தூரிகையால் எழுதியதன் மேல் மெல்லிய தூரிகையால் திருத்தினால், இரு ஓரத்திலும் பழைய மை தெரியுமல்லவா? பள்ளிக்கூடத்தில் 80 தட டிரைவில் திருத்திய டிஸ்கை வீட்டிலுள்ள 40 தட டிரைவில் போட்டால் பழையதும் புதியதும் சேர்ந்து வாசிக்கப்படும். ‘டிஸ்க் ஃபால்ட் 18’ என்று திரையில் வரும். தேடிய செக்டர் அகப்படவில்லை என்று அர்த்தம். இரண்டு டிரைவும் குற்றமற்றவை, டிஸ்க்கும் குற்றமற்றது.

அடுத்த பொறி கணினிக்குள் இருந்தது. டிரைவை ஆளும் சிப்பாக ஏகார்ன் தேர்ந்தெடுத்தது இன்டெலின் 8271. விலை அதிகம், கிடைப்பதும் அரிது. ஆகவே வெஸ்டர்ன் டிஜிட்டல் சிப்களை வைத்து மற்றக் கம்பனிகள் மாற்று அட்டைகள் செய்தன. சாதாரணக் கோப்புகளுக்கு அவை தாராளமாகப் போதும். ஆனால் களவாகப் படியெடுப்பதைத் தடுக்க நினைத்த கேம்காரர்கள் கணினியின் முறையான கட்டளைகளை விட்டுவிட்டு 8271உடனேயே நேரடியாகக் கதைத்தார்கள். மாற்று அட்டைக்கு அந்தப் பாஷை அரைகுறை. 1985இல் ஏகார்ன் தன் பி பிளஸ் கணினிக்கு வெஸ்டர்ன் டிஜிட்டலின் 1770 சிப்பையே எடுத்துக்கொண்டது. அதன்பின் பழைய கேம்கள் சில ஏகார்னின் சொந்தக் கணினியிலேயே ஓட மறுத்தன.

கொமடோரின் கதை வேறு. அங்கே 34 முனைகள் கிடையாது. ஆறு முனையுள்ள ஒரு வட்டப் பிளக். காரணம், கொமடோரின் சொந்த டிரைவான 1541 வெறும் டிரைவ் அல்ல. அது தனிக் கணினி. உள்ளே 6502 வகைச் செயலி, 2 கிலோபைட் ரேம், டிரைவை நடத்தும் நிரல் முழுவதும் 16 கிலோபைட் ரோமில். ‘இந்தக் கோப்பைத் தா’ என்று கொமடோர் 64 கேட்கும்; மீதியை டிரைவ் பார்த்துக்கொள்ளும். விலையும் அதற்கேற்றபடி, கிட்டத்தட்டக் கணினியின் விலைக்கே வந்துவிடும். யானையை வாங்கிய கையோடு அங்குசத்துக்கும் அதே காசு.

இவ்வளவு கெட்டிக்கார டிரைவ் நத்தையாக ஊர்ந்தது. கொமடோரின் முந்தைய விக் 20 கணினியில் பயன்பட்ட 6522 சிப்பில், பிட்களை வரிசையாக அனுப்பும் பகுதி பழுதானது. அதனால் ஒவ்வொரு பிட்டையும் நிரலே கைப்பிடித்து அனுப்ப வேண்டியதாயிற்று. கொமடோர் 64இல் திரையை வரையும் சிப் அடிக்கடி செயலியை நிறுத்திவைப்பதால் வேகத்தை இன்னும் குறைத்தார்கள். விக் 20இன் 1540 டிரைவ் 64உடன் ஒத்துப்போகாமல், ரோமை மாற்றி 1541 என்று பெயரிட்டதற்கு அதுதான் காரணம். விநாடிக்குச் சுமார் 400 பைட். 40 கிலோபைட் கேம் ஒன்று ஏற ஒன்றரை நிமிடத்துக்கு மேல்.

பொறுமையிழந்தவர்கள் குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். டிரைவே ஒரு கணினிதானே? அதன் 2 கிலோபைட் ரேமுக்குள் தங்கள் நிரலை அனுப்பி, கொமடோரின் மெதுவான பாஷைக்குப் பதிலாகத் தங்கள் வேகப் பாஷையைப் பேச வைத்தார்கள். இதுதான் ஃபாஸ்ட் லோடர். 1984இல் எபிக்ஸ் கம்பனி இதைக் கார்ட்ரிட்ஜாகவே விற்றது. பல கேம்கள் சொந்தமாகவே ஒன்றை வைத்திருந்தன. இந்த நிரல்கள் செயலியின் துடிப்புகளை எண்ணி எண்ணி பிட்களை அனுப்பின. இடையில் 1541இன் ரோமில் இன்ன முகவரியில் இன்ன வேலை நடக்கும் என்று நம்பி அங்கே குதித்தன.

இப்போது மாற்று டிரைவ் செய்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். ரோமை அப்படியே படியெடுத்தால் வழக்கு. ஆப்பிள் கம்பனி ஃபிராங்க்ளின் கம்பனி மீது தொடுத்த வழக்கில், ரோமில் உள்ள நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு என்று 1983இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்துவிட்டது. பொருந்தவேண்டும் என்பதற்காகப் படியெடுத்தோம் என்ற வாதம் எடுபடவில்லை. சொந்தமாக எழுதினால், அதே வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்யலாம். ஆனால் வேலைகள் வேறு முகவரிக்குப் போய்விடும். குதித்த லோடர் வெற்றிடத்தில் விழும்.

ஐயாவின் டிரைவுக்கு நேர்ந்தது இதுதான். பேசிக் நிரல்கள், கடித டிஸ்க்குகள் எல்லாம் குறையின்றி ஓடின. அந்தக் கேமைப் போட்டதும் திரை கறுத்து அப்படியே நின்றது. கடையிலிருந்த 1541இல் போட்டேன், ஓடியது. அதுவும் அன்று காலையில்தான் என் கையால் சீரான டிரைவ். முதல் தடத்தை அறிய அதில் உணரி கிடையாது. வழி தவறினால் ஹெட்டைத் தடுப்பில் கடகடவென்று இடித்துத்தான் இடம் கண்டுபிடிக்கும். இடியிலும் சூட்டிலும் மோட்டார்த் தண்டில் இறுக்கியிருந்த கப்பி வழுகும், ஹெட் விலகும். இரண்டு திருகுகளைத் தளர்த்தி, மோட்டாரை மயிரிழை திருப்பி மீண்டும் இறுக்குவது எங்களுக்கு வாராந்த வேலை.

“உங்கடை டிரைவ் நல்ல டிரைவ்தான் ஐயா. சத்தமும் குறைவு” என்றேன்.

“அப்ப பிழை ஆற்றை, தம்பி?”

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பாடசாலை வேலைக்கு உதவட்டும் என்று சொல்லி அதைத் திரும்பவும் சுமந்துகொண்டு போனார்.

இப்போது என் மேசையிலும் ஒரு கொமடோர் 64 நிற்கிறது. எஸ்டி கார்டில் டிஸ்க்குகளை வைத்து ஓட்ட முதலில் வாங்கியது எஸ்டி2ஐஇசி என்ற சிறு கருவி. பிளக் வடிவாகப் பொருந்தியது. அதற்குத் தெரிந்த லோடர்கள் ஓடின. தெரியாதவை கறுத்த திரையில் நின்றன. அதற்குள் 1541இன் செயலி இல்லை. பிறகு வாங்கிய 1541 அல்டிமேட், அந்தச் செயலியின் ஒவ்வொரு துடிப்பையும், ரோமின் ஒவ்வொரு முகவரியையும் அப்படியே நடிக்கிறது. எல்லாம் ஓடுகிறது. அதில் ஒரு சிறு ஒலிபெருக்கியும் உண்டு. நகர ஒரு ஹெட்டும் இல்லாத அந்தப் பெட்டி, வழி தவறும்போது கடகடவென்று இடிக்கிறது.