டெண்டரில் பிறந்த ஜாக்கெட்

கழுத்துப் பட்டையின் உட்புறத்தில் ஒரு சின்ன லேபிள். 'டைப் ஏ-2', வரைபட எண் 30-1415, ஒப்பந்த எண், தைத்துக் கொடுத்த கம்பெனியின் பெயர், கடைசி வரியில் இது அமெரிக்க ராணுவ விமானப்படையின் சொத்து என்ற அறிவிப்பு. 1930களிலும் 40களிலும் இந்த லேபிளை உற்றுப் பார்த்தவர்கள் ஸ்டோர் கீப்பர்கள் மட்டும்தான். இன்றைக்கு அதே லேபிளை எழுத்தின் வளைவு பிசகாமல், நூலின் நிறம் மாறாமல் நெய்ய வைத்து, அன்றைய அளவிலேயே தைத்த நகலுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க ஆட்கள் இருக்கிறார்கள். நம் கணக்கில் லட்ச ரூபாயைச் சுற்றி வருகிறது. சில ஜப்பானியத் தயாரிப்புகள் அதையும் தாண்டும்.

இவ்வளவு விலை தகுமா என்று கேட்பவர்கள் வழக்கமாகத் தோலின் தரத்தைப் பற்றிப் பேசுவார்கள், தையலைப் பற்றிப் பேசுவார்கள். அதற்கு முன்னால் விசாரிக்க வேண்டியது இதன் பூர்வீகத்தை. ராணுவம் டெண்டர் விட்டு, விலை பேசி, மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்ட உடுப்பு இது.

முதல் உலகப் போரின் விமானிகள் திறந்த இருக்கையில் உட்கார்ந்து பறந்தார்கள். முகத்தில் காற்றும் எஞ்சின் எண்ணெயும் அறையும். அதற்கு முழங்கால் வரை நீண்ட தோல் கோட்டுதான் ஏற்றதாக இருந்தது. ஆனால் குறுகலான இருக்கையில் நீள கோட்டு காலில் சிக்கியது. இடுப்போடு நிற்கும் ஜாக்கெட் வந்தது அப்படித்தான். 1927இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட ஏ-1இல் பொத்தான்கள் இருந்தன. காலர், மணிக்கட்டு, இடுப்பு மூன்றிலும் கம்பளிப் பின்னல். 1931 மே மாதம் அதன் இடத்துக்கு ஏ-2 வந்தது. பொத்தான் போய் ஜிப் வந்தது. உடுப்புகளில் ஜிப் அப்போது புதுச் சரக்கு. பின்னல் காலருக்குப் பதில் சட்டைக் காலர் மாதிரி தோல் காலர். அதன் முனைகள் காற்றில் படபடக்காமலிருக்க அடியில் மறைவாக அழுத்துப் பொத்தான்கள். தோளில் பட்டை. முன்புறம் மூடியுள்ள இரண்டு பைகள். முதுகுக்கு நடுவில் தையல் விழாத ஒரே துண்டு தோல். கையைச் சூடாக வைத்துக்கொள்ளப் பக்கவாட்டில் பை கிடையாது. பாக்கெட்டில் கை விட்டபடி நிற்கும் சிப்பாயை ராணுவம் விரும்பாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம்.

வரைபடம் ஒன்றுதான். தைத்த கம்பெனிகள் பல. நியூயார்க் மாநிலத்தின் பீக்கன் ஊரில் ஏரோ லெதர், பென்சில்வேனியாவின் மிடில்டவுனில் ரஃப் வேர், சிகாகோவில் டுபோ, பாஸ்டனில் கேபிள் ரெயின்கோட். கடைசிப் பெயரே சொல்லிவிடுகிறது: மழைக்கோட்டு தைத்தவர்களும் விளையாட்டு உடுப்பு தைத்தவர்களும் டெண்டரைப் பிடித்து விமானி ஜாக்கெட் தைத்தார்கள். ராணுவம் அளவுகளைத்தான் சொன்னது. கட்டிங் பேட்டர்ன் அவரவருடையது. அதனால் ஒருவருடைய காலர் கூர்மையாகவும் இன்னொருவருடையது மழுங்கலாகவும் இருக்கும். பை மூடியின் வளைவு வேறுபடும். போர் நெருக்கியபோது வேகம்தான் முக்கியமானது. இடது மார்பில் ஒரு நிறத் தோல், வலது கையில் சற்று வேறு நிறம், கோணல் மாணலாக ஓடிய தையல், கையில் கிடைத்த நிறத்தில் மணிக்கட்டுப் பின்னல். இன்றைய சேகரிப்பாளர் தூரத்திலிருந்து காலரைப் பார்த்தே கம்பெனியின் பெயரைச் சொல்லிவிடுவார். அன்று அவை குறைகள். இன்று அவை அடையாளங்கள், கூடவே விலைப்பட்டியலின் ஒரு பகுதி.

தோலும் அப்படித்தான். ஏ-2 பெரும்பாலும் குதிரைத்தோலில் தைக்கப்பட்டது. ஆட்டுத்தோலிலும் மாட்டுத்தோலிலும் வந்தவை உண்டு. குதிரைத்தோல் இன்று அபூர்வப் பொருளாக விற்கப்படுகிறது. ஆனால் 1910களின் நடுவில் அமெரிக்காவில் குதிரைகள் மட்டும் 2 கோடிக்கு மேல் இருந்தன. டிராக்டரும் லாரியும் வர வர அவற்றுக்கு வேலை போயிற்று. தோல் சந்தையில் குவிந்தது. மலிவாகவும் கிடைத்தது, கெட்டியாகவும் இருந்தது, அதனால் வாங்கினார்கள். இப்போது நிலைமை தலைகீழ். குதிரைத்தோல் முக்கியமாக இறைச்சிக்காகக் குதிரை வெட்டும் நாடுகளிலிருந்து வருகிறது. அதை நன்றாகப் பதனிடத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்: சிகாகோவில் 1905இல் தொடங்கிய ஹார்வீன், ஜப்பானின் ஹிமேஜியில் ஷின்கி என்று சிலர். மூலப்பொருளின் விலை ஏறியதற்குக் கதை கட்டத் தேவையில்லை. அது நிஜமான காரணம்.

குளிரைத் தாங்க ஏ-2 போதாது என்பது போர் தொடங்கியதும் தெரிந்துபோயிற்று. உள்ளே மெல்லிய துணி லைனிங் மட்டும்தான். 25,000 அடி உயரத்தில் பறந்த பி-17 குண்டுவீச்சு விமானத்தின் பக்கவாட்டுத் துப்பாக்கி ஜன்னல்கள் ஆரம்பத்தில் திறந்தே கிடந்தன. உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக்கும் போகும். அமெரிக்காவின் எட்டாவது விமானப்படை ஐரோப்பாவில் பறந்த முதல் கட்டத்தில் எதிரியின் குண்டால் காயப்பட்டவர்களைவிடப் பனிக்கடியால் விரல் கருகியவர்கள் அதிகம். அவர்கள் போட்டது செம்மறித்தோலில் ரோமம் உள்பக்கமாக வைத்துத் தைத்த கனத்த பி-3. மின்சாரக் கம்பி ஓடும் சூட்டு உடுப்புகளும் வந்தன.

ஆங்கிலேயர்கள் தரப்பில் அந்த இடத்தைப் பிடித்தது இர்வின் ஜாக்கெட். அதன் பின்னால் இருந்தவர் இங்கிலாந்துக்காரர் இல்லை. லெஸ்லி இர்வின் கலிபோர்னியாக்காரர்; 1919 ஏப்ரலில் விமானத்திலிருந்து குதித்து, நடுவானில் கயிற்றைத் தன் கையால் இழுத்துப் பாராசூட்டைத் திறந்து காட்டியவர். இங்கிலாந்தின் லெட்ச்வொர்த்தில் 1926இல் பாராசூட் ஆலை வைத்தார். அவருடைய பாராசூட்டால் உயிர் தப்பியவர்களுக்குப் பட்டுப்புழு வடிவத்தில் ஒரு தங்கப் பின் பரிசு. பாராசூட் அப்போது பட்டில் செய்யப்பட்டது என்பதுதான் அந்தப் புழுவின் காரணம். அதே மனிதரின் ஆலை 1930களின் தொடக்கத்தில் செம்மறித்தோல் ஜாக்கெட் தைக்கத் தொடங்கியது. இடுப்பில் பெல்ட், கையுறை நுழைய மணிக்கட்டிலிருந்து மேலேறும் ஜிப். போருக்கு முந்தைய இர்வினில் தோல் பெரிய பெரிய துண்டுகளாக இருக்கும். போர் நடுவில் வந்ததில் துண்டுகள் சிறுத்து, தையல் கோடுகள் பெருகிவிடும். ஒரு விரற்கடைத் தோலும் வீணாகக் கூடாது என்பதுதான் கணக்கு. தையலை எண்ணியே போர் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று ஊகிக்கலாம்.

அமெரிக்கர்கள் ஏ-2வை விடவில்லை. அது குளிருக்கான உடை என்பதைவிட அந்தஸ்தாக ஆகிவிட்டிருந்தது. பயிற்சி முடித்த அதிகாரிக்கு அது பட்டம் மாதிரி. முதுகில் விமானத்தின் பெயரும் ஒரு பெண்ணின் படமும் வரைவார்கள். முடித்த ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு சின்னக் குண்டு. சீனா-பர்மா-இந்தியா முனையில் இருந்தவர்களுக்குச் சீனச் சூரியனும் இந்திய நட்சத்திரமும் கொண்ட சின்னம். இந்தியக் கைவினைஞர்கள் அதைத் தோல் துண்டுகளை ஒட்டித் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்த அலங்காரம் ஒருமுறை வில்லங்கமாகவும் முடிந்தது. 1943 நவம்பரில் பிரெமன் நகர் மீது வீழ்த்தப்பட்ட விமானத்திலிருந்து பிடிபட்ட ஓர் அதிகாரியின் முதுகில் 'மர்டர் இங்க்' என்று எழுதியிருந்தது, அதாவது கொலைக் கம்பெனி. அது வெறும் விமானத்தின் பெயர். நாஜிப் பிரசாரத்துக்கு அதைவிட நல்ல புகைப்படம் கிடைத்திருக்காது. பத்திரிகைகளில் போட்டுத் தள்ளினார்கள்.

அதே 1943இல் விமானப்படைத் தளபதி ஹாப் ஆர்னல்ட் புதிய தோல் ஜாக்கெட்டுகளை வாங்குவதை நிறுத்தினார். தோலைவிட மலிவான, இலகுவான, வேகமாகத் தைக்கக்கூடிய துணி ஜாக்கெட் பி-10 வந்தது. விமானிகள் பழையதை மாற்ற மறுத்தார்கள். மெக்கார்தர் மாதிரி தளபதியே ஏ-2இல்தான் புகைப்படங்களுக்கு நின்றார். ஆக, பன்னிரண்டு ஆண்டுகளில் உற்பத்தி முடிந்துபோன ஒரு பொருள் இது. அபூர்வம் என்ற பேச்சுக்கு அடிப்படை இதுதான்.

மீதியைச் சினிமா பார்த்துக்கொண்டது. 1963இல் 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஏ-2 போட்டு வந்தார். 1986இல் 'டாப் கன்' படத்தில் டாம் குரூஸ் போட்டது கடற்படையின் ஜி-1: ஆட்டுத்தோல், ரோமக் காலர், கை நீட்ட வசதியாக மடிப்பு வைத்த முதுகு. இதற்கிடையே அசல்கள் குறைந்துகொண்டே வந்தன. தோல் நிற்கும், கம்பளிப் பின்னலை அந்துப்பூச்சி தின்றுவிடும், ஜிப்பின் பல் உதிர்ந்துவிடும், லைனிங் கிழிந்துவிடும். மேலும் அன்றைய இளைஞர்கள் ஒல்லி. இன்றைய தோளுக்குப் பொருந்தும் அசல் கிடைப்பது குதிரைக்கொம்பு.

நகல் தொழில் பிறந்தது இந்த இடைவெளியில். 1980களில் ஸ்காட்லாந்தில் ஏரோ லெதர் (பழைய பீக்கன் கம்பெனியின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள்), இங்கிலாந்தின் டெவனில் ஈஸ்ட்மன். ஜப்பானில் ரியல் மக்காய்ஸ். 1993இல் பஸ் ரிக்சன்ஸ். ஜப்பானியர்கள் இதை ஓர் ஆராய்ச்சியாகவே ஆக்கிவிட்டார்கள். பழைய ஜாக்கெட்டை வாங்கி, தையலைப் பிரித்துப் போட்டு, நூலின் முறுக்கு முதல் ஜிப்பின் அடிப்பெட்டி வரை பார்த்து, அதே மாதிரி செய்ய ஆலைகளை ஏற்பாடு செய்தார்கள். வேடிக்கையும் நடந்தது. வில்லியம் கிப்சன் 2003இல் எழுதிய 'பேட்டர்ன் ரெகக்னிஷன்' நாவலில் நாயகி ஒரு கறுப்பு பஸ் ரிக்சன்ஸ் நைலான் ஜாக்கெட் போட்டிருப்பாள். அந்த நிறத்தில் அவர்கள் தைத்ததே கிடையாது. வாசகர்கள் கேட்டு நச்சரிக்க, கம்பெனி கறுப்பில் தைத்து விற்றது. அச்சு அசல் நகலே உயிர் என்று இருந்தவர்கள், இல்லாத ஒன்றுக்கும் நகல் செய்த கதை அது.

சரி, பணம் எங்கே போகிறது? 'கையால் செய்தது' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தைப்பது மெஷின்தான். வித்தியாசம் என்னவென்றால் ஒரே ஆள், அல்லது இரண்டு மூன்று பேர், வெட்டுவது முதல் கடைசி நூலை அறுப்பது வரை பார்க்கிறார்கள். இதில் கஷ்டமான வேலை கட்டிங். குதிரைத்தோலில் முன்பகுதிதான் ஜாக்கெட்டுக்கு ஆகும்; ஒரு தோலில் ஒரு ஜாக்கெட் வராது. தழும்பு, வயிற்றுப் பக்கத்துத் தொளதொளப்பு இவற்றைத் தவிர்த்து, இரண்டு மார்புத் துண்டும் ஒரே நிறத்தில் ஒரே தடிமனில் வர வேண்டும். தையலில் திருத்தம் கிடையாது. துணியில் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை அப்படியே நிற்கும், ஒரு முழுத் துண்டு குப்பைக்குப் போகும்.

பதனிடும் முறையும் விலையைக் கூட்டும். குரோமில் பதனிட்டால் ஓரிரு நாளில் தோல் தயார். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டால் வாரக்கணக்கு. தமிழ்நாட்டின் தோல் ஊர்களுக்கு இது தெரிந்த சங்கதி: ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை மாகாணத் தோல் முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸாகப் போனது, குரோம் முறை வந்து ஓர் ஆலை நடந்த இடம் குரோம்பேட்டை என்றே ஆயிற்று. பட்டையில் பதனிட்ட குதிரைத்தோல் முதலில் அட்டையாக விறைத்து நிற்கும். போடப் போட முழங்கையில் மடிப்பு விழுந்து உடம்பின் வாகுக்கு வரும். மேல்சாயம் தேய்ந்து அடியில் உள்ள பழுப்பு எட்டிப்பார்க்கும். கடைகளில் தொங்கும் மலிவு ஜாக்கெட்டில் இது நடக்காது. அதன் மேல் கனமாகப் பூசிய கோட்டிங் சில வருடங்களில் உரிந்துவிடும்.

இந்த அளவுக்கு விலை நியாயம் என்று தாராளமாகச் சொல்லலாம். இருபது, முப்பது வருடம் உழைக்கும் உடை. இடையில் பின்னலையும் ஜிப்பையும் மாற்றிக்கொண்டால் போதும். அதற்கு மேல் போகும் தொகை வேறு வகை. ஒரு குறிப்பிட்ட 1942 ஒப்பந்தத்தின் காலர் வளைவு, அந்தக் காலத்து டாலன் ஜிப், அன்றைய ஆலை அவசரத்தில் மாற்றிப் போட்ட பின்னல் நிறம் என்று தேடிப் பிடித்துத் திருப்பிச் செய்வதற்கான கூலி அது. குளிரும் மழையும் இதையெல்லாம் பார்ப்பதில்லை. அந்த ஆராய்ச்சியில் ருசி உள்ளவர் கொடுக்கட்டும். வெறுமனே நல்ல தோல் ஜாக்கெட் தேடுகிறவர் பாதி வழியில் இறங்கிக்கொள்ளலாம். சென்னை வெயிலில் இருப்பவருக்கு அந்தப் பாதி வழியும் அதிகம்தான்.

1988இல் அமெரிக்க விமானப்படை ஏ-2வைத் திரும்பக் கொண்டுவந்தது. ஏர்லைன் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த விமானிகளை இழுத்துப் பிடிக்கும் முயற்சிகளில் அதுவும் ஒன்று. மறுபடி டெண்டர், மறுபடி பெரிய அளவுத் தையல். இந்த முறை ஆட்டுத்தோல், அகலமான கட்டிங். பின்னாளில் பக்கவாட்டில் கை வைக்கும் பையும் சேர்ந்தது. இன்று நிஜமான விமானிகள் போடும் ஏ-2 இதுதான். சேகரிப்பாளர்கள் பலர் இதைத் தொடுவதில்லை, பேட்டர்ன் தப்பாம்.