கேமரா உறையும் ஓ-ரிங்கும்

நீருக்கடியில் படம் எடுக்கும் முயற்சி தொடங்கிய அன்றே கசிவும் தொடங்கிவிட்டது. 1856இல் இங்கிலாந்தின் வேமவுத் விரிகுடாவில், வழக்கறிஞரும் இயற்கை ஆர்வலருமான வில்லியம் தாம்சன், முன்புறம் கண்ணாடி பதித்த பெட்டிக்குள் கேமராவை வைத்துப் படகிலிருந்து இறக்கினார். மூடியைத் திறந்து ஒளியை உள்ளே விட ஒரு கயிறு. சில மீட்டர் ஆழத்தில் நிமிடக்கணக்கில் கேமராவின் ஒளிப்படத் தகடு ஒளியை வாங்கியது. மேலே இழுத்துப் பார்த்தால் பெட்டிக்குள் கடல்நீர். அப்படியிருந்தும் கடலடியின் மங்கலான படம் ஒன்று தகட்டில் தப்பிப் பிழைத்தது.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கூடுகிறது. 20 சென்டிமீட்டர் நீளமும் அகலமும் உள்ள உறைக் கதவு ஒன்றை 10 மீட்டர் ஆழத்தில் 400 கிலோ எடை அழுத்துகிறது. சுவரைத் தடிமனாக்கி இதைத் தாங்கவைப்பது கடினமல்ல. கதவு மூடும் விளிம்பும், பொத்தானின் தண்டு நுழையும் துளையும்தான் தொல்லை.

பிரான்சின் பான்யூல்ஸ் கடலாய்வுக் கூடத்தில் 1893இல் லூயி பூத்தான் கண்ட விடை, இந்த வரலாற்றிலேயே மிக அழகானது. அவருடைய சகோதரர் ஒகுஸ்த் வடிவமைத்த கேமராப் பெட்டியோடு காற்று நிரப்பிய ரப்பர் பை ஒன்று இணைக்கப்பட்டது. ஆழம் கூடக்கூடக் கடல் அந்தப் பையை நசுக்கும்; அதிலுள்ள காற்று பெட்டிக்குள் போகும். உள்ளும் புறமும் அழுத்தம் சமமானதால், இடுக்கு இருந்தாலும் நீரை உள்ளே தள்ள விசை இல்லை.

ஆனால் இந்த வழி பொதுவழக்காக நிலைக்கவில்லை. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன், 1937இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த சிறு ரப்பர் வளையம் போக்கை மாற்றியது. அதுவே ஓ-ரிங். வளையத்தைவிடச் சற்று ஆழம் குறைந்த பள்ளத்தில் அதைப் பதித்து மூடினால் லேசாக நசுங்கும். நீரின் அழுத்தம் வளையத்தைப் பள்ளத்தின் மறுபக்கம் தள்ளி இடுக்கை இன்னும் இறுக அடைக்கும். எதிரியின் பலமே காவலாகிறது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் ஹைட்ராலிக் கருவிகள் வழியாக இது எங்கும் பரவியது.

1950களில் ஆஸ்திரிய முக்குளிப்பாளர் ஹான்ஸ் ஹாஸின் பங்களிப்போடு ரோலிஃபிளெக்ஸ் கேமராவுக்கான ரோலிமரின் உறை வந்தது. அடுத்து பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜான் த வூட்டர், பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவுக்காக உருவாக்கிய கலிப்சோ, தனி உறையே தேவைப்படாத கேமரா. 1963இல் நிக்கான் அதை நிக்கோனோஸ் என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. அந்த வரிசை 2001 வரை நீடித்தது.

ஆழம் கூடினால் ஓ-ரிங் இறுகும் என்பதால், மேற்பரப்பை ஒட்டிய இடத்தில்தான் அது பலவீனமாக இருக்கிறது. படகிலிருந்து குதிக்கும் கணத்திலும், நன்னீர்த் தொட்டியில் கழுவும்போதும்கூட நீர் புகுந்துவிடலாம். குறுக்கே கிடக்கும் ஒரு தலைமுடியோ மணல் துகளோ போதும். சிலிக்கோன் கிரீஸ் அடைப்பதற்கானது என்று பலர் எண்ணி அப்பிவிடுகிறார்கள். அது வளையம் வழுக்கி அமர்வதற்கு மட்டுமே. மிகையானால் தூசியை இழுத்துச் சேர்க்கும். விரலில் மெல்லிய பளபளப்பு தெரியும் அளவே போதும்.

1962இல் தொடங்கிய ஐக்கிலைட் நிறுவனத்தின் ஒளி ஊடுருவும் உறைகள் பெரிய உதவி: முதல் துளி கண்ணில் பட்டதுமே மேலேறிவிடலாம். ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரமும் பின்னர் உறைக்குள் இடம்பிடித்தது. உப்புநீர் மின்சுற்றைத் தொட்டால் கேமரா பெரும்பாலும் மீளாது என்பதால், நீரில் இறங்குமுன்பே சோதிக்கும் வெற்றிடப் பம்பு இப்போது பரவியிருக்கிறது. மூடிய உறையிலிருந்து காற்றில் ஒரு பகுதியை உறிஞ்சி எடுத்தால், வளையங்கள் படகிலேயே இறுகிவிடும். உள்ளே அழுத்தம் மாறாமல் இருந்தால் பச்சை விளக்கு, ஏறினால் எச்சரிக்கை. மெதுவான கசிவு வெளிப்பட நேரமாகும் என்பதால் கொஞ்ச நேரம் காத்திருந்தே பலரும் இறங்குகிறார்கள். கரையேறியதும் உறையைத் துடைத்து உலர்த்தி, வால்வைத் திறந்து காற்றை உள்ளே விட்ட பிறகே கதவைத் திறக்கிறார்கள்.