தாணேயிலிருந்து அம்பர்நாத் வரை: ஒரு புறநகரின் வேலைக் கதை

“மும்பைக்குப் போனால் பிழைத்துக்கொள்ளலாம்” என்று ஊரில் சொல்லி அனுப்புவார்கள். வந்து இறங்கியபின் நம்மில் பலர் குடியேறியதென்னவோ முலுண்டு, டோம்பிவிலி, கல்யாண், அம்பர்நாத் பக்கம்தான். இந்தப் புறநகரில் வேலை எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

எல்லாவற்றுக்கும் முதல் ரயில். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேக்கு முதல் பயணிகள் வண்டி ஓடியது. மறு ஆண்டே பாதை கல்யாணைத் தொட்டது. ரயிலும் நதி நீரும் மலிவான நிலமும் இருந்ததால் ஆலைகள் வந்தன. 1920களில் அம்பர்நாத்தில் விம்கோ தீப்பெட்டி ஆலை, பின்னர் கல்யாண் அருகே மோகனேயில் நேஷனல் ரேயான் ஆலை. 1962ல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் (எம்.ஐ.டி.சி.) பிறந்தது, அதன் முதல் தொழிற்பேட்டை தாணேயின் வாக்ளே எஸ்டேட். 1960களிலிருந்தே தாணே–பேலாப்பூர் சாலையோரம் ரசாயன, பொறியியல் கம்பெனிகள் வரிசைகட்டின; 1970களில் நகருக்குள் புதிய பெரிய ஆலைகளுக்கு அரசு கட்டுப்பாடும் விதித்தது.

அந்நாளில் நம்மவர் கையிருப்பு தட்டச்சும் சுருக்கெழுத்தும். ‘ஹையர் பாஸ்’ என்றால் வேலை உறுதி என்ற காலம். அதுவே கண்ணையும் உறுத்தியது. 1960களில் ‘மார்மிக்’ வார இதழ் கம்பெனிகளில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்ப்பட்டியலை வெளியிட்டது. 1966 ஜூன் 19ல் சிவசேனா தொடங்கியது. மண்ணின் மைந்தனுக்கு வேலை இல்லையே என்ற அவர்கள் ஆதங்கத்தில் நியாயம் இருந்தது. அதற்கு விலை கொடுத்தது பெரும்பாலும் நம் குமாஸ்தாக்கள்.

ஆனால் வேலையை உண்மையில் தின்றது மொழி அல்ல. 1982 ஜனவரி 18ல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் சுமார் 2.5 லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். பலர் திரும்ப உள்ளே போகவே இல்லை. அதைப் பார்த்த முதலாளிகள் நிரந்தர ஆளைக் குறைத்து கான்ட்ராக்டர் மூலம் ஆள் எடுப்பதை வழக்கமாக்கினார்கள். நில விலை ஏறியதும் ஆலையை ஓட்டுவதைவிட நிலத்தை விற்பதே லாபம் என்றாயிற்று. 2009ல் மோகனே ஆலையும் நின்றது. நிலுவைப் பணத்துக்காகத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள்.

இன்று ஐரோலியிலும் வாக்ளே எஸ்டேட்டிலும் கண்ணாடிக் கட்டடங்கள். லேத் ஓட்டிய அப்பாவுக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் வாசலில் செக்யூரிட்டி வேலை. மகளுக்கு உள்ளே கம்ப்யூட்டர். அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டும் ஒரே வீட்டில் அமையும். இல்லாவிட்டால் அப்பாவின் வருமானம் மட்டும் பாதியாகும்.

என் மாமனார் தட்டச்சு இயந்திரத்தை நம்பி வந்தவர். அது போனபின் ஐம்பது வயதில் கணக்கு மென்பொருள் படித்தார். “கத்துக்கிட்டே இருக்கணும்ப்பா” என்பார். சரிதான். ஆனால் அது மட்டும் போதாது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே அந்தத் தொழிலாளிக்குக் கேன்டீன், முதலுதவி, கூலிப் பொறுப்பு எல்லாம் எழுதி வைத்தது. எழுதி வைத்ததைக் கேட்டு வாங்கவும் தெரிய வேண்டும்.

ஆகவே பிள்ளைகளுக்கு வேலை தேடும்போது சம்பளத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். நியமனக் கடிதம் யார் பெயரில் வருகிறது, பி.எஃப். யார் கட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். நூற்றைம்பது ஆண்டுக்கு மேலான இந்தப் புறநகர் நமக்குச் சொல்லும் பாடம் அதுதான்.